ககாபோவையும் கொமோடோ உடும்பையும் ஒப்பிடும் முறை

பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். அறிவியல் கண்காட்சிக்கு "ரெண்டு விலங்கை ஒப்பிட்டு சார்ட் போடணும் மிஸ்" என்று பிள்ளைகள் வந்தால், நான் தருவது இந்த இரண்டு தீவுவாசிகளைத்தான். நியூசிலாந்தின் பறக்காத கிளி ககாபோ, இலையும் பழமும் தின்னும். இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு மானையே அடித்துத் தின்னும்.

முதலில், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களைத் தரம்பிரிக்கும் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் இரண்டின் நிலையையும் பாருங்கள். ககாபோ 'மிக அருகிய இனம்'. கொமோடோ 'அருகிய இனம்'. கூடவே பழைய நிலையையும் எழுதுங்கள். கொமோடோ 2021இல்தான் 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலையிலிருந்து இந்த மோசமான நிலைக்கு இறங்கியது.

அப்புறம் எண்ணிக்கை. ககாபோ 1995இல் 51, 2022இல் சுமார் 250. கொமோடோ ஏறக்குறைய 3,000. குறைவாக இருப்பது ஏறுகிறது, அதிகமாக இருப்பதன் நிலை சரிகிறது! ஏன் என்று கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். முழு சார்ட்டும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஆபத்து என்றால் ககாபோ அசையாமல் நின்றுவிடும். கண்ணால் தேடும் கழுகிடமிருந்து அது தப்பிக்க உதவியது. மனிதர்கள் கொண்டுவந்த பூனையும் எலியும் கீரி போன்ற ஸ்டோட்டும் மோப்பம் பிடித்து வருபவை. அவற்றிடம் அசையாமல் நின்று என்ன பயன்? அதனால் அந்த எதிரிகள் இல்லாத வெனுவா ஹோ போன்ற நியூசிலாந்துத் தீவுகளுக்குப் பறவைகளைக் கொண்டுபோனார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள், முதுகில் டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். குஞ்சு பொரிக்காத முட்டைகள்தான் இன்றும் பெரிய கவலை.

கொமோடோவை இப்படித் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்ற முடியாது. 1980இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் அவை ஓரளவு நிலையாக இருக்கின்றன. வெளியே, புளோரஸ் தீவில், மனிதர்களின் நெருக்கடியால் அவற்றின் இடம் குறைகிறது. இத்தோடு கடல்மட்டமும் வெப்பமும் உயர்வதால், அடுத்த 45 ஆண்டுகளில் அவை வாழத் தகுந்த இடம் குறைந்தது 30 சதவீதம் சுருங்கும் என்று ஐயுசிஎன் கணித்திருக்கிறது. இதை எந்த வனக்காவலர் தனியாகத் தடுக்க முடியும்?

எனவே சார்ட்டில் 'காரணம்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'யாரால் சரிசெய்ய முடியும்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். எடை, நீளமெல்லாம் ஒரு வரி போதும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு கட்டாயம். நியூசிலாந்தின் ரிமு மரம் 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நன்றாகக் காய்க்கும். அப்போதுதான் ககாபோ முட்டையிடும். அடுத்த காய்ப்பு வந்தால் உங்கள் எண் பழையதாகிவிடும்.