கோபத்தைக் கொட்டினால் தீர்ந்துவிடுமா? ஆக்ரோஷம் பற்றி நாம் செய்யும் தவறுகள்

"மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே, கத்தித் தீர்த்துவிடு." கொதித்துப்போய் நிற்கும் நண்பரிடம் நாம் அக்கறையோடு சொல்வது இது. ஆனால் ஆக்ரோஷம் பற்றிய சமூக உளவியல் ஆய்வுகளைப் பார்த்தால், இதுதான் முதலில் கைவிட வேண்டிய அறிவுரை.

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் 600 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்னொரு மாணவர் மதிப்பிட்டதாகச் சொல்லி, 'நான் படித்ததிலேயே படுமோசமான கட்டுரைகளில் இது ஒன்று' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. யாருக்குத்தான் கோபம் வராது? அப்புறம் ஒரு பிரிவினர் அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், குறை சொன்னவரின் காதில் இரைச்சலை ஒலிக்கவிடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்தது. ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் இருந்தது. இரைச்சலைக் குறைவாக வைத்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். குத்தக் குத்த அந்த அவமானம் மனதில் மறுபடி மறுபடி ஓடுகிறது. உடம்பும் சண்டைக்குத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. 2024-ல் புஷ்மனும் இன்னொரு ஆய்வாளரும் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே கதைதான்: மூச்சுப்பயிற்சி, தியானம், யோகா போல உடம்பை அமைதியாக்குபவை கோபத்தைக் குறைத்தன. ஓட்டப்பயிற்சி கூட்டவே செய்தது. உடம்புக்கு ஓட்டம் நல்லது, சந்தேகமில்லை. கோபத்துக்கு மருந்தாக மட்டும் அதை நம்ப வேண்டாம்.

அடுத்த தவறு, 'வேண்டுமென்றே செய்தான்' என்ற அவசர முடிவு. கென்னத் டாட்ஜ் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவர்கள் அடுக்கிக்கொண்டிருந்த புதிர்ப்படத்தை வேறொரு சிறுவன் கலைத்துவிட்டதாகக் காட்டினார். தெரியாமல் கலைத்தானா, வேண்டுமென்றா என்று சொல்ல முடியாத நிலையில், ஏற்கெனவே முரட்டுத்தனமாக நடப்பவர்கள் அதை வம்பாகவே எடுத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள். "அவன் இடிச்சுட்டான்" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "நீயும் ரெண்டு கொடு" என்பதற்கு முன் "தெரியாம பட்டிருக்குமோ?" என்று ஒருதரம் கேளுங்கள். அடிக்காதே என்று சொல்லிக்கொடுக்கப் பிள்ளையை அடிப்பதையும் விட்டுவிடுங்கள். பெரியவர் பொம்மையை அடித்துத் திட்டுவதைப் பார்த்த குழந்தைகள், அதே அடியையும் அதே வார்த்தைகளையும் திருப்பிச் செய்ததை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-லேயே காட்டிவிட்டார்.

தாழ்வு மனப்பான்மைதான் அடிக்க வைக்கிறது என்பதும் பரவலான நம்பிக்கை. ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1996-ல் இதை மறுத்தார்கள்: தன்னைப் பெரிதாக நினைப்பவரின் கௌரவத்தில் யாராவது கை வைக்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

எனக்கு மிகவும் உறுத்துவது, "கோபம் கண்ணை மறைத்துவிட்டது" என்ற சமாதானம். மேலாளர் திட்டும்போது வாய் திறக்காதவர், வீட்டுக்கு வந்து மனைவி மீது கையை ஓங்குகிறார். அடக்கத் தெரியாதவர் என்றால் அலுவலகத்தில் எப்படி அடக்கினார்? திருப்பி அடிக்க முடியாத ஆள் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வேலை நெருக்கடியும் குடியும் எரிச்சலைக் கூட்டும் என்பது உண்மை. அது காரணத்தை விளக்கும், அடித்ததை நியாயப்படுத்தாது. அடி வாங்கும் பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சொல்லாதீர்கள்; அன்றைக்கு ராத்திரி அவர் பத்திரமாகத் தங்க ஓர் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.