வைப்பர் ஓடவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் ஒரு நிமிடம்

வைப்பர் நின்றுவிட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரைத்தான். நானும் ஒருமுறை புது மோட்டார் வாங்கி மாட்டினேன். வைப்பர் அசையவே இல்லை. கோளாறு எர்த் வயரை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயரை, காரின் பாடியோடு இறுக்கும் போல்ட்டில் இருந்தது. துருவைச் சுரண்டி இறுக்கியதும் பழைய மோட்டாரே நன்றாக ஓடியது. அதிலிருந்து, மோட்டாரைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறேன்.

"ஓடவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. எந்த வேகத்தில் ஓடவில்லை, எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வழக்கமான வைப்பர் மோட்டாரில் மூன்று கார்பன் பிரஷ்கள் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கட்டைகள்) உண்டு: ஒன்று பொதுவானது, ஒன்று மெதுவான வேகத்துக்கு, ஒன்று அதிவேகத்துக்கு. மெதுவாக ஓடி, வேகத்தில் மட்டும் ஓடாவிட்டால் ஃபியூஸும் எர்த்தும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். தேட வேண்டியது அந்த வேகத்துக்கான பிரஷ், அதற்கு வரும் வயர், சுவிட்ச் ஆகியவற்றை. விட்டு விட்டு ஓடும் நிலை மட்டும் போயிருந்தால் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைப்பர் சுவிட்சையும் பாருங்கள். அதற்காக மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை.

சுவிட்சை அணைத்த இடத்திலேயே, கண்ணாடியின் நடுவில், வைப்பர் நின்றுவிடுகிறதா? பலர் இதற்கும் மோட்டார் பழுது என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் அணைத்த பிறகும், வைப்பர் கீழே வந்து சேரும்வரை மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது பார்க் சுவிட்ச். அது பெரும்பாலும் மோட்டாரின் கியர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கீழே வந்ததும் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, பிரேக் போட்டதுபோல் நிறுத்திவிடும். நடுவில் நின்றால் பார்க் சுவிட்சின் தொடுமுனைகளோ அதற்கு மின்சாரம் தரும் வயரோ காரணமாகலாம். அணைத்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தத் தொடுமுனைகள், ரிலே, சுவிட்ச் மூன்றையுமே பார்க்க வேண்டும்.

அப்புறம், காதைப் பயன்படுத்துங்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் வைப்பர் கை அசையவில்லை என்றால் அது மின்கோளாறே இல்லை. கையைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்திருக்கும், அல்லது லிங்கேஜ் (மோட்டாரின் அசைவை வைப்பர் கைகளுக்குக் கடத்தும் கம்பிகள்) கழன்றிருக்கும்.

ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஈரக் கண்ணாடியில் சில ஆம்பியர் மட்டும் இழுக்கும் மோட்டார், சுற்ற முடியாமல் நின்றால் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். 20 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போட்டால், ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதே அளவு ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், மோட்டாரிலிருந்து லிங்கேஜைப் பிரித்துவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சிறிது நேரம் ஓடி நின்று, ஆறியபின் மறுபடி ஓடும் வைப்பருக்கும் இதே சோதனைதான். பல மோட்டார்களுக்குள் சூடு அதிகமானால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

சரி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டருக்கு வருவோம். இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி அளக்கிறோம், 12 வோல்ட் காட்டுகிறது, "சப்ளை வருகிறது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவெடுத்துவிடுகிறோம். ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கும் வயரும் லோடு இல்லாதபோது 12 வோல்ட்டைக் காட்டும். மோட்டார் மின்சாரம் இழுக்கும்போதுதான் அந்த வயரின் குறை வெளியே வரும். எனவே கனெக்டரை மாட்டியபடியே, சுவிட்சைப் போட்டு அளக்க வேண்டும்.

எர்த்துக்கும் இதே முறைதான். மீட்டரின் ஒரு முனையை மோட்டார் கனெக்டரின் எர்த் பின்னிலும் (எர்த் வயர் சேரும் உலோக முனை) மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, வைப்பரைப் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ துரு அல்லது தளர்ந்த இணைப்பு. மோட்டார் சுற்றாமல், அந்த எர்த் பின்னில் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் எர்த் அறுந்தே போயிருக்கிறது. சில கார்களில் மோட்டாரின் உடலே எர்த். அங்கே மீட்டரை மோட்டாரின் உடலில் வைத்து அளக்க வேண்டும்.

மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது நல்ல சோதனைதான், ஆனால் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. பார்க் சுவிட்சின் பின்களில் ஒன்று உள்ளே எர்த்தோடு சேர்ந்திருக்கலாம். அதில் பாசிட்டிவ் கொடுத்தால் ஷார்ட் சர்க்யூட்தான். வயரிங் படத்தைப் பார்த்து, நடுவில் ஒரு ஃபியூஸும் வைத்துக் கொடுங்கள். புதிய கார்களில் கட்டுப்பாட்டு மின்சுற்று மோட்டாருக்குள்ளேயே இருந்து, லின் என்ற ஒற்றை வயர் வழியாக உத்தரவு வாங்கும். அந்த வகையில் இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. அங்கே முதலில் காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர், பிறகுதான் மற்றவை. அந்தச் சிக்னல் வயரில் பழைய பல்பு டெஸ்ட் லேம்பை வைக்கவும் வேண்டாம்.

பின்பக்க வைப்பர் என்றால், மோட்டாரைத் தொடுமுன் டிக்கி கதவின் கீல் அருகே இருக்கும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கதவு திறந்து மூடி, உள்ளே வயர் மடிந்து மடிந்து அறுந்திருக்கலாம். மேலுறை நன்றாகத் தெரிந்தாலும் மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

சோதனை செய்யும்போது கண்ணாடியை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் இறுகி, மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, அளவுகள் குழம்பும். லிங்கேஜில் கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள். சரிசெய்துகொண்டிருக்கும் தொடர்பு சட்டென்று சேர்ந்தால், பார்க் நிலைக்குத் திரும்ப மோட்டார் தானாகச் சுற்றும். அந்த லிங்கேஜுக்கு விரலை முறிக்கும் பலம் உண்டு.

வேலை முடிந்து வைப்பர் கைகளை மாட்டும் முன், அவை இல்லாமலேயே மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு அணையுங்கள். அது தன் பார்க் நிலையில் வந்து நின்றபின் வைப்பர் கைகளைப் பொருத்தி நட்டை இறுக்குங்கள். இல்லையென்றால், முதல் சுற்றிலேயே வைப்பர் கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் போய் அடிக்கும்.