பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: கண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

நூறு வயதான 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) இரட்டைக்குழல் ஒன்று கைக்கு வந்ததும், பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது பக்கவாட்டுச் சித்திர வேலையையும் வால்நட் கட்டையின் ரேகையையும்தான். அப்புறம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் பேரம் முடிந்தது.

அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. துருக்குழி விழுந்த குழலை எவரோ உள்ளே தேய்த்து மெருகேற்றியிருக்கலாம். குழியோடு சேர்ந்து உலோகமும் போயிருக்கும். இரண்டு மூன்று குழிகளோடு தடிமனாக இருக்கிற குழல், மின்னுகிற மெல்லிய குழலைவிட எவ்வளவோ மேல். ஆகவே குழல் சுவரின் தடிமனை அளக்காமல் வாங்காதீர்கள். வெர்னியர் காலிப்பர் நுனியை மட்டும்தான் அளக்கும். நடுக்குழலுக்கு நீண்ட கம்பியோடு வரும் தனி அளவுமானி வேண்டும், அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் இருக்கும். 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், என்பதே பலரும் வைத்திருக்கும் கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் லேசான இடியில்கூடக் குழல் நசுங்கும்.

அடுத்து, குழலைக் கழற்றித் திருப்பி, அடியிலுள்ள தட்டையான பகுதியைப் படிக்க வேண்டும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால், குழலின் பலத்தைச் சுட்டுச் சோதிக்கும் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். 1954க்கு முந்தையவற்றில் 13/1 என்று பொறித்திருந்தால், சோதித்த நாளில் குழலின் உள்விட்டம் 0.719 அங்குலம் என்று பொருள். இன்று அதே இடத்தில், பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே, 0.740 காட்டினால் நடுவில் யாரோ உலோகத்தைச் சுரண்டியிருக்கிறார்கள். அந்தச் சோதனை முத்திரைக்கு இனி மதிப்பில்லை. பிரிட்டனில் அப்படிப்பட்டதை விற்பதே குற்றம். பெல்ஜியத் துப்பாக்கியில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் லியேஜ் நகரச் சோதனையைக் காட்டும். பார்க்கர், எல்.சி. ஸ்மித், ஏ.எச். ஃபாக்ஸ் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகளில் இந்த வசதி இல்லை. அங்கே அரசு சார்ந்த சோதனைச் சாலை இருந்ததில்லை, எனவே அளவுமானி சொல்வதுதான் சாட்சி.

இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு சூது உண்டு. குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதற்கு முன்னால் குழலின் அடியிலுள்ள கொக்கியிலும் அது மாட்டும் கீல் கம்பியிலும் அப்பியிருக்கும் கிரீஸைச் சுத்தமாகத் துடையுங்கள். கெட்டிக் கிரீஸ் பெரிய ஆட்டத்தையும் மறைத்துவிடும். குழல்களுக்கு நடுவே ஓடும் ரிப் (இணைப்புப் பட்டை) விட்டுப்போயிருக்கிறதா என்று அறிய, பானை வாங்குகிற மாதிரி தட்டிப் பாருங்கள். குழல்களைத் தனியே அந்தக் கொக்கியால் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணி ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது.

தோட்டா உள்ளே போகிறதே!

இந்த வாக்கியம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பழைய 12 போர்களில் பலவற்றின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. அது இடிக்காமல் உள்ளே போகும், துப்பாக்கியும் ஒழுங்காக மூடும். ஏனென்றால் 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த உறையின் நீளம். சுடுமுன் மடிந்திருக்கும்போது அது குட்டைதான். சுட்டதும் உறையின் வாய் சேம்பரைத் தாண்டிக் குறுகலான பகுதியில் விரிந்து வழியை அடைக்கும், அழுத்தம் ஏறும். ஒரு தடவை சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

தோளில் இடி குறைவாக இருக்கிறது, எனவே இந்தத் தோட்டா பழைய துப்பாக்கிக்கு ஆகும் என்பது இன்னொரு தப்புக் கணக்கு. தோளில் உறைக்கும் இடி, ரவையின் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகளின்) எடையையும் வேகத்தையும் பொறுத்தது. குழலுக்குள் எழும் அழுத்தம் வெடிமருந்து எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதைப் பொறுத்தது. மென்மையாக உதைக்கும் 24 கிராம் ரவைத் தோட்டாவிலும் அழுத்தம் அதிகம் இருக்கலாம். தோட்டாவின் அடியிலுள்ள பித்தளை உயரமா குட்டையா என்பதும் இதைச் சொல்லாது. தயாரிப்பாளர் தரும் அழுத்த விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எஃகு ரவையைப் பழைய குழலில் போடவே கூடாது. ஈயம் நசுங்கிக் கொடுக்கும், எஃகு கொடுக்காது. நுனியில் இறுக்கமான சோக் (குழல் குறுகும் பகுதி) இருந்தால் அங்கே வளையம்போல் வீங்கிவிடும். ஈயத்துக்குத் தடை உள்ள இடத்தில் பிஸ்மத் ரவை கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் புதுக் குழல் அதைவிடக் கூடுதல்.

டமாஸ்கஸ் குழலைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. தொட்டாலே வெடிக்கும் என்று ஒன்று, தாத்தா காலத்திலிருந்து சுடுகிறோம் என்று மற்றொன்று. இரண்டுமே அளக்காமல் பேசுகின்றன. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்து இணைத்த குழல் அது. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டுத் தேறிய டமாஸ்கஸ் குழல்கள் இருக்கின்றன. பழைய கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டவையும் இருக்கின்றன. மேலே தெரியும் கோலத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

12 போரோடு அதைவிடச் சிறிய 20 போரும் வைத்திருப்பவர்கள் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடக்கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பரில் வழுக்கி முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். விசை அழுத்தினால் சுடாது. சுடவில்லையே என்று திறந்தால் சேம்பர் காலி மாதிரி தெரியும், அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போடுவார்கள். அப்புறம் குழல் வெடிக்கும், இடக்கை போகும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வந்ததே இதனால்தான்.

சுடும்போது

முன்கட்டை கைப்பிடி அல்ல. ஒல்லியான அந்தக் கட்டையின் முக்கிய வேலை குழலைப் பூட்டி வைப்பது. இடக்கை அதற்கும் முன்னால், குழல்களையே பிடிக்க வேண்டும். சூடு தாங்கத் தோல் உறை போடலாம். இரண்டு விசைகளில் முன்னது பெரும்பாலும் வலக்குழலுக்கு, பின்னது இடக்குழலுக்கு. முதல் குண்டு போனதும் விரலை மட்டும் பின்னால் இழுக்காமல் கை முழுவதையும் சற்று நகர்த்த வேண்டும். பிடியில் வளைவில்லாத நேர்க்கட்டை வைத்ததே அதற்காகத்தான். சேஃப்டியை நம்பிக் குழலை ஆள்மேல் நீட்டாதீர்கள். பல பாக்ஸ்லாக்குகளில் (சுடும் பொறி உலோக உடலுக்குள்ளேயே இருக்கும் வகை) அது விசையைத்தான் தடுக்கிறது, உள்ளிருக்கும் சுத்தியை அல்ல.

1875இல் வந்த ஆன்சன்-டீலி என்ற பாக்ஸ்லாக் வகையில் குழல் கீழே மடியும்போதுதான் சுத்தி ஏறும். குழலைக் கழற்றிவிட்டு விசையை அழுத்தினால் சுத்தி இறங்கிவிடும், குழல் திரும்பப் பொருந்தாது. நானும் ஒரு சாயங்காலம் முழுக்க இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அடித்துப் பொருத்தாதீர்கள். ஆக்‌ஷனின் (பொறி இருக்கும் உலோக உடலின்) முன்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு நெம்புகளைக் கடினமான மரவிளிம்பில் அழுத்தினால் சுத்தி ஏறிவிடும்.

புதுப்பிக்கிறேன் என்று

கறுப்பு மங்கிய குழலுக்கு ஆசையாக உப்புத் தொட்டியில் ப்ளூயிங் (கறுப்பேற்றல்) செய்யக் கொடுப்பவர்கள் உண்டு. கொதிக்கும் காரம் ரிப்பை ஒட்டியிருக்கும் ஈயப்பற்றைத் தின்றுவிடும். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றித் துடைத்துக் கறுப்பாக்கும் பழைய முறைதான். நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

உப்புத்தாளும் அப்படித்தான். புதிய கட்டையில் மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்திருக்கும். தேய்த்தால் அது உலோகத்துக்குக் கீழே இறங்கிவிடும், திரும்ப வராது. ஆக்‌ஷன்மேல் மிச்சமிருக்கும் நிறச் சாயையைப் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்தால் மதிப்பில் ஒரு பங்கு துணியோடு போயிற்று. மெல்லிய திருகுப் பிளவில் கடைத் திருப்புளியை நுழைக்காதீர்கள். பிளவின் அகலத்துக்கு முனையைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சேம்பரை நீட்டிக் கடைந்துவிட்டால் 70 மில்லிமீட்டர் சுடலாம் என்பார்கள். நீளம் கிடைக்கும். அங்கே மீதமிருக்கும் சுவர், குழல் செய்தவர் விட்டுவைத்த சுவராக இருக்காது.

எண்ணெயும் ஒரு கெடுதல்தான், அதிகமானால். வாயை மேலே வைத்து நிறுத்திய துப்பாக்கியில் எண்ணெய் கீழிறங்கி, கட்டை ஆக்‌ஷனோடு சேரும் இடத்தில் ஊறும். வருஷக்கணக்கில் ஊறினால் மரம் கறுத்து மெத்தையாகிவிடும். பின்கட்டை அங்கேதான் விரியும். துடைத்து, ஒரு துளி மட்டும் தேய்த்து, வாயைக் கீழே வைத்து நிறுத்துங்கள்.