வேதாகமத்தில் விதை, களை, அறுப்பு: உருவகங்களை வாசிக்கும் முறை

அதிகாரம், வசனம் பார்த்துப் புரட்டத் தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

படி 1: ஒற்றை வசனத்தோடு நிற்காமல் பகுதியை முழுசாக வாசியுங்கள். மத்தேயு 13 நல்ல தொடக்கம். விதைக்கிறவன் உவமைக்கு இயேசுவே விளக்கமும் தருகிறார்.

படி 2: அர்த்தம் தேடுமுன் பருவத்தைப் பாருங்கள். இஸ்ரவேல் தேசத்தில் கோடை முழுக்க மழை கிடையாது. அக்டோபர், நவம்பர் வாக்கில் முன்மாரி வந்து இறுகிய மண்ணை இளக்கிய பிறகுதான் உழவும் விதைப்பும். மார்ச், ஏப்ரலில் பின்மாரி பெய்து கதிர் முற்றும். வாற்கோதுமை முதலில், கோதுமை பிறகு. யாக்கோபு 5:7 பொறுமைக்குப் பயிரிடுகிறவனை ஏன் காட்டுகிறது என்பது இப்போது விளங்கும். மழை அவன் கையில் இல்லை.

படி 3: என்னை அதிகம் படுத்தியது இதுதான். லூக்கா 8:11இல் விதை தேவனுடைய வசனம். சரி என்று அதையே பிடித்துக்கொண்டு மத்தேயு 13:38க்குப் போனால் இடிக்கும். அங்கே நல்ல விதை ராஜ்யத்தின் புத்திரர், நிலம் உலகம், களைகள் பொல்லாங்கனுடைய (பிசாசின்) புத்திரர். யோவான் 12:24இல் நிலத்தில் விழும் கோதுமைமணி இயேசுவின் மரணத்தைச் சுட்டுகிறது. 1 கொரிந்தியர் 15இல் விதைக்கப்படுவது மனித உடல். அறுப்பும் அப்படித்தான்: மத்தேயு 9:37இல் ஆட்களைச் சேர்க்கும் வேலை, 13:39இல் உலகத்தின் முடிவு, கலாத்தியர் 6:7இல் அவரவர் செய்ததன் பலன். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள்: விதைப்பது யார், எதை, எங்கே?

இதனால்தான் ‘விதை என்றால் இது, களை என்றால் அது’ என்று பட்டியல் போடும் கையேடுகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒத்தவாக்கியங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட வேதாகமமும் ஒரு பென்சிலும் போதும்.

படி 4: புதிய ஏற்பாட்டு உருவகத்துக்குப் பழைய ஏற்பாட்டில் வேர் தேடுங்கள். யோவான் 15இன் திராட்சச்செடிக்கு முன் ஏசாயா 5ஐயும் சங்கீதம் 80ஐயும் வாசியுங்கள். அங்கெல்லாம் திராட்சம் இஸ்ரவேல் ஜனம். ஏசாயாவில் அந்தத் தோட்டம் நல்ல பழம் தராமல் ஏமாற்றுகிறது. அப்புறம் யோவானுக்கு வந்தால், இயேசு தம்மையே செடி என்பதன் கனம் தெரியும்.

பின்சேர்க்கை: மீகா 4:3இல் பட்டயங்கள் (வாள்கள்) மண்வெட்டிகளாகின்றன, யோவேல் 3:10இல் எதிர்மாறாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். மீகா சொல்வது வரப்போகும் சமாதானம். யோவேலோ ஜாதிகளை, அதாவது பிற தேசத்தாரை, நியாயத்தீர்ப்புக்கு அழைக்கிறார். அதே அதிகாரம் 13ஆம் வசனத்தில் அரிவாளை நீட்டச் சொல்கிறார், பயிர் முதிர்ந்துவிட்டதாம். வெளிப்படுத்தல் 14:15இலும் அதே காட்சி வருகிறது. படி 3இன் அறுப்பு வரிசையில் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.