உலர்ந்த மார்ஜோரம்: சமையலிலும் சத்துக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ஜோரம் என்ற வாசனை இலை வீணாகிப் போகும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அதைக் கறித்தூள் போல நடத்துவது. நமது கறித்தூள் வறுத்து இடித்தது. எண்ணெயில் வதங்கினாலும் தேங்காய்ப்பாலில் அரை மணித்தியாலம் கொதித்தாலும் அதன் குணம் கெடாது. மார்ஜோரம் வறுக்காத மெல்லிய இலை. அதன் மணம் சூட்டில் பறக்கும், புளியில் சிதையும், காற்றுப்பட்டால் மங்கும். திருகோணமலை போன்ற கடற்கரை ஊரில் ஈரக்காற்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கீழே வரும் தவறுகள் அனேகமாக எல்லாம் இந்த ஒரு குழப்பத்தில் இருந்து பிறப்பவை.

முதலில் வாங்கும் இடத்துத் தவறு. மார்ஜோரமும் ஒரிகானோவும் ஒரே பேரினத்துச் செடிகள், இரண்டும் துளசி, புதினாவின் குடும்பம். காய்ந்த இலையைப் பார்த்து வேறுபடுத்துவது கடினம், மணத்தில் தெரிந்துவிடும். ஒரிகானோவில் கார்வக்ரோல் என்ற பொருள் கூடுதலாக இருப்பதால் நாக்கில் சுள்ளென்று உறைக்கும், பீட்சாக் கடை மணம் வரும். மார்ஜோரத்தின் மணத்துக்கு சபினீன் ஹைட்ரேட், டெர்பினீன்-4-ஓல் ஆகியவை முக்கியம். அது இனிப்புச் சாயலோடு மென்மையாக இருக்கும். மார்ஜோரம் கேட்ட குறிப்புக்கு ஒரிகானோ மட்டுமே கையில் இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். மறுபுறம், ஒரிகானோவுக்குப் பதிலாக மார்ஜோரம் போட்டால் ஒன்றரை மடங்கு வேண்டும்.

தமிழில் மரு என்று சொல்லும் செடி மார்ஜோரம்தான். ஆனால் மாலையில் கட்டும் மரிக்கொழுந்தை அதுவென்று நினைத்துக் காயவைத்துச் சமையலில் போட்டுவிடக்கூடாது. மரிக்கொழுந்து மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அதன் கசப்பு சூப்பையே கெடுத்துவிடும்.

பைக்கற்றைக் கையில் எடுத்ததும் அடிப்பகுதியைப் பாருங்கள். தூளும் காம்பும் அடியில் திரண்டிருந்தால் பழைய சரக்கு. நல்ல இலை சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும், வைக்கோல் நிறத்துக்கு வந்ததில் மணம் மிஞ்சியிருக்காது. விலை குறைவு என்று 100 கிராம் வாங்குவதும் தவறு. ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை 0.6 கிராம்தான். வாரம் இரண்டு தேக்கரண்டி பாவிக்கும் வீட்டுக்கு 25 கிராமே ஐந்து மாதத்துக்குப் போதும். தூளாக அரைத்ததை வாங்காமல் இலையாகவே வாங்குங்கள், தூளின் மணம் வெகு சீக்கிரம் போய்விடும்.

எப்போது போடுவது

அதிகமாக நடக்கும் பிழை தாளிதத்தில் போடுவது. தேங்காயெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கும்போது மார்ஜோரத்தையும் தூவினால் சில விநாடிகளில் அது கருகிவிடும். கறிவேப்பிலை பச்சை இலை, உள்ளே தண்ணீர் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. உலர்ந்த இலைக்கு அந்தக் காப்பு இல்லை. கருகிய மார்ஜோரத்தின் கசப்பைத் தேங்காய்ப்பாலாலும் மறைக்க முடியாது.

கடைசி நேரத்தில் மேலே தூவி இறக்குவதும் சரியல்ல. அப்போது இலை ஊறாமல் பல்லில் குத்தும், மணமும் வெளியே வராது. உலர்ந்த இலை திரும்ப மென்மையாக 5 முதல் 10 நிமிடம் ஈரச்சூடு வேண்டும். ஆகவே சூப், பருப்பு, வேகவைத்த அவரையினங்கள் என்று எதுவானாலும் இறக்குவதற்கு 10 நிமிடம் முன்பு போட்டு, அடுப்பைக் குறைத்து, மூடிவிடுங்கள். தேங்காய்ப்பால் சேரும் சமையலில் முதற்பால் விடும் நேரம்தான் சரியான நேரம். மணப்பொருள்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும், முதற்பாலில் கொழுப்பு இருக்கிறது, அதன்பின் நாம் கொதிக்க விடுவதும் இல்லை.

போடுமுன் உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் இரண்டு தடவை கசக்குங்கள். இலையின் மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அப்போதுதான் உடையும். கசக்கிய கையில் மணம் ஏறவில்லை என்றால் சட்டியிலும் ஏறாது. அந்தப் போத்தலைக் கழிப்பதுதான் நல்லது, இரட்டிப்பாகப் போட்டுச் சரிக்கட்ட முனைந்தால் கசப்பு மட்டும்தான் கூடும்.

மீனில் நடக்கும் பிழை

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மார்ஜோரம் அதிகம் பாவனைக்கு வருவது சுட்ட மீனில். இங்கே இரண்டு பிழைகள் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்று, காய்ந்த இலையை நேரே மீன் துண்டில் தூவித் தணலில் வைப்பது. இலை கருகி உதிரும், மீனுக்குள் எதுவும் இறங்காது. மற்றது, தேசிப்புளியோடு கலந்து இரவு முழுக்க ஊறவிடுவது. புளியில் சபினீன் ஹைட்ரேட் சிதைந்து மார்ஜோரத்தின் இனிய மணமே மாறிவிடும். மீனும் புளியிலேயே வெந்ததுபோல வெள்ளையாகிச் சுண்ணாம்புத் துண்டு மாதிரிப் பொடியும்.

சரியான முறை இது. ஒரு விரல் தடிப்பாக வெட்டிய பாரை அல்லது அறக்குளா 500 கிராமுக்கு, முக்கால் தேக்கரண்டி மார்ஜோரத்தைக் கசக்கி, 2 மேசைக்கரண்டி எண்ணெயில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். இடித்த உள்ளி 2 பல், அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மிளகுதூள் சேருங்கள். மீனில் பூசி 20 நிமிடம் வையுங்கள். தேசிப்புளி ஒரு மேசைக்கரண்டியைச் சுடுவதற்குச் சற்று முன்போ சுட்டு எடுத்த பின்போ விடலாம். தாச்சியில் நடுத்தரச் சூட்டில் ஒரு பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம் போதும். எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய் பிடிக்குமென்றால் புதிதாக இருக்கவேண்டும். பொரித்து வைத்த பழைய எண்ணெயின் வாடை மார்ஜோரத்தை அமுக்கிவிடும். சூரைக்கு இந்த அளவு காணாது, அதன் இரத்தச் சதை வலுவான மணமுடையது என்பதால் முழுத் தேக்கரண்டி போடுங்கள். கணவாய்க்கு நேர்மாறாக, கால் தேக்கரண்டியே அதிகம்.

எதில் போடக்கூடாது

மிளகாய்த்தூள், வறுத்த கொத்தமல்லி, பெருஞ்சீரகம், ரம்பை, புளி எல்லாம் சேர்ந்த மீன்கறியில் மார்ஜோரம் போடுவது காசைக் கடலில் எறிவதுதான். அங்கே அது தெரியவே தெரியாது. சொதிக்கும் தேவையில்லை, கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் தரும் தெளிவைக் குழப்பிவிடும்.

அது நன்றாகச் சேர்வது கொழுப்பும் மாச்சத்தும் உள்ள, காரம் குறைந்த உணவுகளோடு. ஜேர்மனியில் சொசேஜ், போலந்தில் புளித்த ரை மாவில் செய்யும் சூப் என்று அது குடியேறிய இடங்களைப் பார்த்தாலே இந்தப் பொருத்தம் விளங்கும். நம் வீட்டுச் சமையலில் இதற்கு மிகப் பொருத்தமான இடம் கட்லட்டும் ரோல்ஸும். உருளைக்கிழங்கு, மீன், மிளகு, வெங்காயம் என்று அங்கே எல்லாம் அதற்கு ஏற்ற கூட்டு. 425 கிராம் தகர மீனுக்கும் 500 கிராம் உருளைக்கிழங்குக்கும் முக்கால் தேக்கரண்டி போதும். வதக்கும்போது போடாமல், அடுப்பால் இறக்கி, கலவை இளஞ்சூடாக இருக்கும்போது பிசைந்துவிடுங்கள். வெளியே பாண்தூள் பூச்சு இருப்பதால் பொரிக்கும் எண்ணெயின் சூடு இலையில் நேரே படாது. பிசைந்து அரை மணித்தியாலம் வைத்துவிட்டு உருட்டினால் மணம் சீராகப் பரவியிருக்கும்.

மற்ற அளவுகள்: லீக்ஸ், உருளைக்கிழங்கு சூப் ஒரு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. அரைத்த இறைச்சி 500 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி. மூன்று முட்டைப் பொரியலுக்குக் கால் தேக்கரண்டி, அதையும் முட்டையோடு அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். முழுக்கோழி அவணில் வைப்பதானால் ஒரு கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டியைப் பட்டரில் குழைத்துத் தோலுக்கு மேலே பூசாமல் தோலுக்கு அடியில் வையுங்கள். தோலுக்கு மேல் வைத்தால் 200 பாகை செல்சியஸில் கோழி வேகுமுன் இலை கரியாகிவிடும். குறிப்பில் பச்சை இலை என்று எழுதியிருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் உலர்ந்தது. ஒரு மேசைக்கரண்டி பச்சை இலைக்கு ஒரு தேக்கரண்டி. இந்தக் கணக்கை மறந்து மேசைக்கரண்டிக்கு மேசைக்கரண்டி போடுவதால்தான் பலர் மார்ஜோரம் சவர்க்கார வாடை அடிக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

சத்து அட்டவணையை வாசிக்கும் பிழை

இணையத்தில் பரவும் சத்துக் கணக்குகள் பொய்யல்ல, ஆனால் வாசிப்பவரைத் தவறாக வழிநடத்துகின்றன. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுத் தரவுப்படி 100 கிராம் உலர்ந்த மார்ஜோரத்தில் இரும்பு 82.7 மில்லிகிராம், கல்சியம் 1990 மில்லிகிராம், நார் 40 கிராம், விற்றமின் கே 622 மைக்ரோகிராம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 100 கிராம் என்பது 160 தேக்கரண்டிக்கு மேல். எந்தக் குடும்பமும் ஒரு வேளைக்கு அதைச் சாப்பிடாது.

ஒரு தேக்கரண்டிக்குக் கணக்குப் போட்டால் இரும்பு 0.5 மில்லிகிராம், கல்சியம் 12 மில்லிகிராம், விற்றமின் கே 4 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதையும் நாலு பேருக்கான சட்டியில் போடுவதால் ஒருவருக்குக் கிடைப்பது அதில் கால்வாசி. பிள்ளைபெறும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. செடியில் இருந்து வரும் இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரத்தசோகைக்கு மார்ஜோரத் தேநீர் குடித்துக்கொண்டு கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்துவது உடலைக் கெடுக்கும் வேலை. கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலி இருக்கிறது, முருங்கையிலை இருக்கிறது. இரண்டையும் கையளவில் சாப்பிடுகிறோம்.

மார்ஜோரம் உண்மையில் உதவக்கூடிய இடம் உப்பு. 100 கிராமிலேயே சோடியம் 77 மில்லிகிராம்தான். உருளைக்கிழங்கிலும் சுட்ட மீனிலும் மார்ஜோரமும் உள்ளியும் தேசிப்புளியும் இருந்தால் உப்பைக் கால்வாசி குறைத்தாலும் சப்பென்று இருக்காது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சமைப்போர் இதைச் செய்துபார்க்க வேண்டும். ஆனால் கடையில் விற்கும் கலவை மசாலாக்களில் உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம், சிட்டையை வாசித்து வாங்குங்கள்.

சமையல் அளவில் பொதுவாகப் பயமில்லை. மருந்தளவு வேறு விடயம். கர்ப்பிணிகள் செறிவான கசாயமும் குளிகையும் எடுக்கக்கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்போர், வைத்தியரைக் கேட்காமல் எந்த மூலிகைத் தேநீரையும் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. ஒரிகானோ, தைம் போன்ற அதே குடும்பத்து மூலிகைகள் ஒவ்வாத ஒருவருக்கு மார்ஜோரமும் ஒவ்வாமல் போகலாம். போத்தலில் வரும் மார்ஜோர வாசனை எண்ணெய் குடிப்பதற்கு உரியதல்ல. இன்னொன்று, உலர்ந்த இலை கிருமி நீக்கியது அல்ல. எருமைத் தயிரில் கலந்து தொடுகறியாக வைப்பதானால், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இலையை இளஞ்சூட்டில் பிரட்டி ஆறவிட்டுக் கலவுங்கள், கலந்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

ஈரமும் வெயிலும்

மார்ஜோரப் போத்தலைக் கொதிக்கும் சட்டிக்கு மேலே கவிழ்த்துத் தட்டுவதுதான் நமது சமையலறைகளில் நடக்கும் மிகக் கெட்ட பழக்கம். ஆவி போத்தலின் வாய்க்குள் ஏறி, மூடியதும் உள்ளே ஈரமாகத் தங்கும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் இலை கட்டியாகும், பிறகு பூஞ்சை. கரண்டியால் எடுத்து, கையில் கசக்கி, கையால் போடுங்கள். கரண்டி காய்ந்திருக்க வேண்டும்.

அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்காதீர்கள். யன்னலோரமும் வேண்டாம், வெளிச்சம் பச்சையையும் மணத்தையும் தின்றுவிடும். இறுக்கமான மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தல், இருண்ட அலுமாரி, இதுதான் இடம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி எடுப்பதால் பலனில்லை, குளிர்ந்த போத்தலை வெளியே திறக்கும்போது இந்த ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துவிடும். மாரி தொடங்கும் ஐப்பசிக்கு முன் பெரிய போத்தலில் இருப்பதைச் சிறு போத்தல்களாகப் பிரித்து, ஒன்றை மட்டும் திறந்து பாவியுங்கள். திறந்த திகதியை ஒட்டிவிட்டு ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சாடியில் செடி வளர்ப்போர் கடற்கரை மணலைக் கலக்கக்கூடாது, உப்பு வேரைக் கருக்கும். ஆற்று மணலும் எருவும், நீர் வடியும் ஓட்டையும் வேண்டும். மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுக்காவிட்டால் வேர் அழுகிப்போகும். பூ விரிந்த பின் வெட்டுவது பிந்திய வேலை. கிளை நுனியில் முடிச்சு முடிச்சாக மொட்டுக் கட்டும்போது, காலைப் பனி காய்ந்ததும் வெட்டுங்கள்.

கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரைதான் இங்கே காயவைக்க நல்ல காலம். ஆனால் முற்றத்து வெயிலில் கருவாடு போல விரித்துவிடாதீர்கள். நிறம் வெளுக்கும், எண்ணெய் பறக்கும். கழுவி, நீரைத் துணியால் ஒற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் பருத்தித் துணியில் மெல்லிதாக விரித்து, மேலே இன்னொரு மெல்லிய துணி போடுங்கள், இல்லாவிட்டால் கச்சான் புழுதியெல்லாம் இலையில் படியும். பொழுதுபட முன் உள்ளே எடுத்துவிடுங்கள், இரவு ஈரத்தில் திரும்பவும் பதமாகிவிடும்.

காம்பை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும், இலை விரலுக்குள் நொறுங்க வேண்டும். அதன்பிறகும் உடனே அலுமாரியில் அடைக்காமல், கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி ஒரு நாள் வெளியே வைத்துப் பாருங்கள். மூடியின் உட்பக்கத்தில் மூச்சுப் பட்டதுபோல ஆவி படிந்திருந்தால் இலைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. கொட்டி விரித்து இன்னும் ஒரு நாள் காயவையுங்கள். பூஞ்சை மணம் வந்துவிட்டால் காயவைத்தும் பயனில்லை, எறிந்துவிட வேண்டும்.