பிரிட்டனில் அடல்ட் நர்சிங்: சேருவதற்கு முன்னும், வார்டுக்குள் போன பின்னும்

ஊரிலேயே நர்சிங் முடித்து, கவுன்சில் பதிவும் கையில் இருந்தால் இந்த மூன்று வருடப் பட்டப்படிப்பு உங்களுக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டின் பி.எஸ்சி., ஜி.என்.எம். ஆகட்டும், இலங்கையின் தாதியர் டிப்ளோமா ஆகட்டும், பிரிட்டனில் நர்ஸுகளைப் பதிவு செய்யும் என்.எம்.சி.யிடம் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, கணினியில் எழுதும் சி.பி.டி., இங்கே வந்து செய்து காட்டும் செய்முறைத் தேர்வான ஆஸ்கி. வழி அவ்வளவுதான். ஏஜெண்டுகள் இதைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம், என்.எம்.சி. அல்ல.

இன்னொரு குழி, 'எம்.எஸ்சி. நர்சிங்' என்ற பெயர். பதிவுக்குக் கொண்டுபோகும் எம்.எஸ்சி.யும் உண்டு, அதை 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்பார்கள். ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்கள் மேலே படிக்கும் எம்.எஸ்சி.யும் உண்டு. இரண்டாவதை முடித்தால் சான்றிதழ் கிடைக்கும், நர்ஸாக வேலை செய்யத் தேவையான 'பின்' எண் கிடைக்காது. பணம் கட்டுமுன் என்.எம்.சி.யின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகமும் படிப்பின் முழுப்பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

இனி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. இங்கே நர்சிங் நான்கு பிரிவு: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. விண்ணப்பிக்கும்போதே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அடல்ட்' என்றால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று ஏட்டில் இருந்தாலும், நடைமுறையில் உங்கள் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். இடுப்பெலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், மூச்சிரைப்போடு டிமென்ஷியாவும் சேர்ந்தவர். அவசரப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர் என்று கனவோடு வருபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக. ஜனவரிக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கத்திய பள்ளித் தேர்வு) அல்லது அதற்கு இணையான தேர்ச்சி கேட்பார்கள். குடும்பத்தோடு வந்து, படிப்பை விட்டுப் பல வருடம் ஆனவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரிகளில் ஒரு வருட 'ஆக்சஸ்' டிப்ளோமா இருக்கிறது. இங்கிலாந்தில் அதற்கு வாங்கும் கடன், பின்னால் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடியாகும். நேர்காணலில் மதிப்பெண்ணைவிட உங்கள் குணத்தைத்தான் சோதிப்பார்கள். 'சிறுவயதிலிருந்தே சேவை செய்ய ஆசை' என்ற வாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். படுக்கையிலிருந்த பாட்டிக்குச் சோறூட்டினீர்கள் என்றால், அவர் வாயைத் திறக்க மறுத்த நாளில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பணம். இங்கிலாந்தில் உள்ளூர் மாணவர்களுக்கான கட்டணம் 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு அதைவிட மிக அதிகம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். உங்கள் விசாதான் இதைத் தீர்மானிக்கிறது. அகதி அந்தஸ்து கிடைத்தவர் உள்ளூர் மாணவராகவே சேரலாம், மாணவர் கடனும் உண்டு. கணவரின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்திருப்பவருக்குப் பொதுவாக இரண்டும் கிடையாது. நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை பொறுத்தால் செலவு பாதிக்கும் கீழே போகலாம். இங்கிலாந்தில் தகுதியுள்ளவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் ஆண்டுக்கு 5,000 பவுண்டு தருகிறது, சிறுபிள்ளைகள் இருந்தால் மேலும் 2,000. இது கடன் அல்ல, திருப்பிக் கட்டவேண்டாம். நம்மவர்களில் பலர் இதை விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் முறையே வேறு: அங்கே வசிக்கும் தகுதியுள்ள மாணவர்களுக்குக் கட்டணம் அரசே கட்டி, ஆண்டுக்கு 10,000 பவுண்டு உதவித்தொகையும் தருகிறது.

மாணவர் விசாவில் வருபவர்கள் கவனிக்க: இளங்கலை மாணவர்கள் பொதுவாகக் கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட அழைத்துவர முடியாது. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் மற்ற மாணவர்களுக்கு இருக்கும் நீண்ட கோடை விடுமுறை நர்சிங் மாணவர்களுக்கு இல்லை. விடுமுறையில் முழுநேரம் உழைத்துக் கட்டணத்தை ஈட்டிவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள்.

காரணம், மணிக்கணக்கு. மொத்தம் 4,600 மணி நேரம். பாதி வகுப்பறை, பாதி நோயாளிகளோடு. காய்ச்சலில் ஒரு ஷிப்ட் போகாவிட்டால் அந்த மணிகளைப் பின்னால் ஈடுகட்டியாக வேண்டும். வார்டில் ஒரு நாள் என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவு, சனி, ஞாயிறு எல்லாம் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு விடுப்பு வேண்டுமென்றால் ரோட்டா எனும் பணிப்பட்டியல் போடுமுன் கேளுங்கள். முந்தின நாள் கேட்டால் கிடைக்காது.

வார்டுக்குப் போகுமுன் தடுப்பூசிப் பதிவுகளும் குற்றப்பின்னணிச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து பழைய தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்தால் அலைச்சல் மிச்சம். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி: வளையல், வாட்ச், கோயில் கயிறு எதுவும். கல் பதிக்காத ஒற்றை மோதிரத்தை வழக்கமாக விடுவார்கள். தாலி, மூக்குத்தி பற்றி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கொள்கை. முதல் நாளில் மாட்டிக்கொண்டு விழிக்காமல் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம்மவர்கள் முதலில் தடுமாறுவது குளிப்பாட்டுவதில். நம்மூர் மருத்துவமனையில் கூட இருக்கும் சொந்தக்காரர் ஊட்டிவிடுவார், ஆயா துடைத்துவிடுவார், நர்ஸ் ஊசி போடுவார். இங்கே உறவினர்கள் பார்வை நேரத்தில் வந்து போவார்கள். மலம் கழிக்க வைப்பதும், துடைப்பதும், பல் செட்டைக் கழுவுவதும் நர்சிங்கின் பகுதி. முதலாண்டில் 'இதற்கா இவ்வளவு பணம் கட்டினேன்' என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் உடம்பை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறியைக் காட்டும் இடங்கள். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம்மைப் போன்ற மாநிறத்தில் அப்படித் தெரியாது. சூடு, கடினம், வலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் கேட்க வேண்டும். பாடப்படங்களில் இன்னும் வெள்ளைத் தோல்தான் அதிகம். இந்த இடத்தில் உங்கள் கண் வார்டுக்கே உதவும்.

அடுத்தது நியூஸ்-2, நோயாளியின் நிலையை அளக்கும் மதிப்பெண் முறை. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு, வெப்பநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். ஐந்து வந்தால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும், ஏழு வந்தால் அவசரநிலை. மூச்சை மட்டும் குத்துமதிப்பாக எழுதுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அது உங்களுக்கும் ஒட்டிக்கொள்ள விடாதீர்கள், முழு நிமிடம் எண்ணுங்கள். உடல்நிலை மோசமாகப்போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

எண்ணிக்கை உயர்ந்தால் டாக்டருக்குச் சொல்லவேண்டும். எஸ்-பார் என்ற வரிசையில் பேசக் கற்றுத்தருவார்கள்: இப்போது என்ன நிலவரம், பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், டாக்டர் என்ன செய்யவேண்டும். முதல் மூன்றை நாம் அழகாகச் சொல்லிவிடுவோம். நான்காவதில் குரல் கம்மிப் போகும். டாக்டரிடம் போய் 'பதினைந்து நிமிடத்தில் வந்து பாருங்கள்' என்பதா என்று. ஆம், அப்படித்தான் சொல்லவேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. சீனியர் டாக்டரையும் பெயர் சொல்லி அழைக்கும் இடங்கள் உண்டு. எண்பது வயதுப் பாட்டியே 'என்னை மார்கரெட் என்று கூப்பிடு' என்பார். வாய் வராவிட்டால் எப்படி அழைக்கட்டும் என்று கேட்டு, அவர் சொன்னபடி அழையுங்கள்.

பணிவை இங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பது என் கணிப்பு. கேள்வி கேட்காமல் தலையாட்டும் மாணவரைப் பார்த்தால், மரியாதையான பிள்ளை என்று நினைக்கமாட்டார்கள். ஆர்வமில்லை என்றோ, ஆபத்தானவர் என்றோ எழுதிவிடுவார்கள். புரியாத வேலையைச் செய்யாதீர்கள், 'எனக்கு இன்னும் கற்றுத்தரவில்லை, கூட நின்று பாருங்கள்' என்று சொல்லுங்கள். நீங்கள் வார்டின் ஆள்கணக்கில் சேராதவர், கற்க வந்தவர். ஆள் பற்றாக்குறைக்கு உங்களைத் தனியாக நிறுத்தினால் பொறுப்பாளரிடமும் பல்கலைக்கழகத்திலும் சொல்லலாம். சொல்வது புகாராகாது.

மருந்துக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தாக வேண்டும், தொண்ணூற்றொன்பது தேறாது. ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம் மார்ஃபின் இருக்கும் குப்பியில் இரண்டரை மில்லிகிராம் வேண்டுமென்றால் கால் மில்லி. புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு. கட்டுரைகளில் நோயாளியின் உண்மைப் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வந்துவிட்டால், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல இடங்களில் தோல்விதான்.

மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே வேலைக்கு விண்ணப்பியுங்கள். தொடக்கம் என்.எச்.எஸ். சம்பள அடுக்கில் பேண்ட் ஐந்து, இங்கிலாந்தில் 2025-26இல் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. மாணவர் விசா படிப்பு முடிந்து நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். மருத்துவமனை ஸ்பான்சர் செய்தால் ஹெல்த் அண்ட் கேர் விசா. அதற்கு வருடாந்திர உடல்நலக் கட்டணம் கிடையாது. படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை பார்க்கும் கிராஜுவேட் விசாவுக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு உண்டு. 2027 தொடக்கம் முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த விசாவே 18 மாதமாகக் குறைகிறது. ஸ்பான்சர் செய்வார்களா என்று நேர்காணலுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.