கடல் கடந்த இரு பள்ளிகளிடையே நம்பிக்கையை வளர்ப்பது எப்படி

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றிலிருந்து மாணவர் குழு வருகிறது என்றால் நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரியான காட்சிகளைத்தான் காண்கிறோம். வாசலில் கோலம், ஆரத்தி, பொன்னாடை, ஒரு பரதநாட்டியம், ஒரு குழுப் புகைப்படம். மூன்றாம் நாள் பேருந்து கிளம்பிவிடுகிறது. அந்த விருந்தோம்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்தவர்கள் தங்கள் மனத்தில் இருந்த எதையும் நம்மிடம் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. நம்பிக்கை என்று இங்கே நான் சொல்வது, சங்கடமான ஒரு கேள்வியை மறுதரப்பிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகும் அவரோடு சேர்ந்து வேலை செய்ய முடியும் என்ற உறுதியை. கலை, கல்வி, மொழி ஆகிய மூன்றையும் கொண்டு அதைத் திட்டமிட்டே வளர்க்க முடியும். தமிழகப் பள்ளி ஒன்று ஜெர்மனியில் உள்ள ஒரு பள்ளியோடு உறவு தொடங்குவதாக வைத்துக்கொண்டு, அதற்கான வழியை விளக்குகிறேன்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஐரோப்பாவிலேயே இருக்கிறது. 1870க்கும் 1945க்கும் இடையில் பிரான்சும் ஜெர்மனியும் மூன்று போர்களில் மோதின. அதன் பின்னர் 1950இல் பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லூட்விக்ஸ்பர்க் நகரமும் நட்பு நகரங்களாக இணைந்தன. அப்போது மோன்பெலியாரின் மேயராக இருந்த லூசியன் தராதின், நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் இருந்து உயிரோடு திரும்பியவர். அவர் நீட்டிய கை அது என்பதை இத்தகைய வேலையில் இறங்கும் ஒவ்வோர் ஆசிரியரும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1963 ஜனவரி 22இல் பிரான்சின் அதிபர் தெ கோலும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடெனாவரும் கையெழுத்திட்ட எலிசே ஒப்பந்தம் ஒருவர் மொழியை மற்றவர் நாட்டில் கற்பிப்பதை வளர்க்கும் கடமையை இரு அரசுகளுக்கும் விதித்தது. அதே ஆண்டில் இரு நாடுகளுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகமும் தொடங்கப்பட்டது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் நிகழ்ச்சிகளில் பங்கேற்றிருக்கிறார்கள். நகரங்களின் உறவு அரசுகளின் ஒப்பந்தத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பள்ளியும் எந்த அரசாணைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

இணைப் பள்ளியைத் தேடும்போது புகழை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். மாணவர் எண்ணிக்கையிலும் ஊரின் அளவிலும் உங்களுக்கு ஓரளவு நிகரான பள்ளியே நல்லது; ஒரு பக்கம் கொடுப்பதும் மறுபக்கம் வாங்குவதுமாக உறவு சரிந்துவிடாமல் இருக்க அது உதவும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கோதே நிறுவனம் ஜெர்மன் மொழி கற்பிக்கும் பள்ளிகளோடு தொடர்பில் இருப்பதால், விசாரிக்க அது ஏற்ற இடம். இரு பள்ளிகளிலும் குறைந்தது இரண்டிரண்டு ஆசிரியர்கள் பொறுப்பேற்கட்டும். ஒருவருக்குப் பணிமாறுதல் வந்தால் உறவும் அவரோடு போய்விடுவதைப் பல பள்ளிகளில் காண்கிறோம். 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயங்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனுக்குப் பதிலாகச் சமஸ்கிருதத்தைக் கொண்டுவர முடிவானபோது, கல்வியாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் படிப்பு கேள்விக்குள்ளானது. மேலிருந்து வரும் ஒரே முடிவை நம்பி எல்லாவற்றையும் கட்டிவிட்டால், அந்த முடிவு மாறும் நாளில் எல்லாம் சரிந்துவிடும். எனவே பாடவேளையோடு நில்லாமல், பள்ளி முடிந்தபின் கூடும் ஒரு மன்றத்தையும் தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள்.

மொழிக்குத்தான் அதிகக் கவனம் தேவை. இரு தரப்புக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே முடித்துக்கொள்ளும் ஆசை எழும். அவசரச் செய்திகளுக்கு அது போதும். ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே பழகும்போது இரண்டு பேருமே இரவல் வீட்டில் சந்தித்துக்கொள்கிறார்கள்; ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் கால் வைப்பதே இல்லை. பிரெஞ்சு - ஜெர்மன் இளைஞர் முகாம்களில் வேரூன்றிய 'இணையர் முறை' இதற்குச் சிறந்த மாற்று. தமிழ் மாணவர் ஒருவரும் ஜெர்மானிய மாணவர் ஒருவரும் இணையராவார்கள். பாதி நேரம் ஜெர்மன், பாதி நேரம் தமிழ்; ஒரு பாதியில் ஆசிரியராக இருப்பவர் அடுத்த பாதியில் மாணவராகிவிடுவார். தவறாகப் பேசி, திருத்தப்பட்டு, சிரித்துக்கொண்டே மறுபடி முயலும் அனுபவம் இருவருக்கும் சம அளவில் கிடைப்பதே இம்முறையின் பலம்.

முதல் பாடங்களை வாழ்த்துச் சொற்களின் பட்டியலாக நடத்தாமல், ஒரு மொழியின் மரியாதை எங்கே குடியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. ஜெர்மனில் அதற்கு ஏறத்தாழ இணையாக 'டூ', 'ஸீ' என்று இரண்டு சொற்கள் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே இல்லை. யாரை எப்போது 'நீ' என்று அழைக்கலாம், அதற்கு யார் அனுமதி தர வேண்டும் என்று மாணவர்கள் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போதாது. விடைபெறும்போது நாம் ஏன் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்கிறோம் என்று ஒரு மாணவி விளக்கட்டும். சரி என்பதற்கு நாம் தலையை இருபக்கமும் அசைப்பதை மறுப்பு என்று விருந்தினர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வாரம் ஒருமுறை 45 நிமிடக் காணொளிச் சந்திப்பு போதும். ஜெர்மனி குளிர்காலத்தில் நம்மைவிட நான்கரை மணி நேரமும் கோடைக்கால நேரத்தில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். நமக்குப் பிற்பகல் இரண்டரை மணி என்றால் அவர்களுக்குக் காலை பத்து அல்லது பதினொன்று. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் மாறுவதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இனி, இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். ஒருவரால் தனியாக முடிக்க முடியாத வேலையாக அது இருக்க வேண்டும். தமிழுக்கும் ஜெர்மனுக்கும் இடையே அத்தகைய ஒன்று ஏற்கெனவே காத்திருக்கிறது. 1706 ஜூலை 9இல் டேனிஷ் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். அவரும் அவருடைய தோழர்களும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார்கள். அவற்றில் சில கடிதங்கள், மது அருந்துவதையும் பசுவைக் கொல்வதையும் சுட்டி, ஐரோப்பியரின் நடத்தையைத் தயங்காமல் விமர்சிக்கின்றன. கேட்டவர்களின் நோக்கம் மதமாற்றம், அவர்கள் பின்னால் ஓர் ஆட்சி நின்றது என்பதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. ஆயினும், சங்கடமான கேள்வியும் சங்கடமான பதிலும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்தன என்பது உண்மை.

அக்கடிதங்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து மீண்டும் தமிழாக்கம் செய்வதை முதல் ஆண்டுப் பணியாகக் கொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனைப் புரிந்துகொள்ள ஜெர்மானிய மாணவர்களும் அவர்களுடைய மொழியாசிரியரும் வேண்டும். எந்தச் சடங்கு, எந்த உணவு, எந்த வழக்கம் பேசப்படுகிறது என்று சொல்லத் தமிழ் மாணவர்கள் வேண்டும். பிறகு அதே கேள்விகளில் ஐந்தை எடுத்து இன்றைய மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதட்டும், இம்முறை கேள்விகள் இரு திசையிலும் போகட்டும். பொறுப்பாசிரியர்கள் மறக்கக் கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய நூலை வெளியிட ஹாலேயில் இருந்த மிஷன் பொறுப்பாளர்களுக்கு மனமில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. களத்தில் இருப்பவர் கேட்டறிந்ததை, அவரை அங்கே அனுப்பியவர்கள் கேட்க விரும்பவில்லை. உங்கள் மாணவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடித்து எழுதும்போது, நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்று அதை நீக்கிவிடாதீர்கள்.

வரலாற்றில் உடன்பாடு இல்லாத இடங்களில் இருவரின் கூற்றையும் அருகருகே எழுதி வைப்பது போதும். பிரெஞ்சு, ஜெர்மன் வரலாற்று ஆசிரியர்கள் சர்ச்சைக்குரிய செய்திகளைப் பற்றிய ஒரு பொது அறிக்கையை 1951இலேயே எழுதினார்கள். 2003இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர்கள் பொதுப் பாடநூல் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். 2006இல் அதன் முதல் தொகுதி இரு மொழிகளிலும் வெளிவந்தது. பாடநூலுக்கு அரை நூற்றாண்டு ஆனது என்றால், பள்ளி மன்றம் முதல் ஆண்டில் இரண்டு பக்க அறிக்கை எழுதினாலே அது பெரிய செயல்தான்.

கலையிலும் இதே அளவுகோல்தான். ஒருவர் ஆட மற்றவர் கைதட்டுவதைவிட, இருவரும் ஒத்திகையில் வியர்ப்பது மேலானது. 1999இல் இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்மும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதும் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய இசைக்குழுவில் இஸ்ரேலிய இளைஞர்களும் அரபு இளைஞர்களும் அருகருகே அமர்ந்து வாசிக்கிறார்கள்; அவர்களுடைய அரசியல் கருத்து வேறுபாடு அதனால் மறைவதில்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவர் சுருதி சேர்க்கும்வரை இவர் காத்திருக்க வேண்டும். பள்ளிகளுக்கு எளிதில் கைவருவது பொம்மை நாடகம் என்பது என் கருத்து. நம்மிடம் பொம்மலாட்டமும் தோல்பாவைக்கூத்தும் இருக்கின்றன. ஜெர்மனியில் காஸ்பர் என்ற கோமாளியை நாயகனாகக் கொண்ட கைப்பொம்மை நாடகம் இருக்கிறது. நம் பாவைக்கூத்தின் கோமாளியான உச்சிக்குடும்பனும் காஸ்பரும் ஒரே மேடையில் சந்தித்தால் எந்த மொழியில் பேசுவார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள் என்று மாணவர்களே வசனம் எழுதட்டும்.

பயணம் இரண்டாம் ஆண்டில்தான். முன்பே பழகியவர்கள் நேரில் சந்திக்கும்போது அந்தப் பத்து நாட்களுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. நம் மாணவர்கள் மே மாத விடுமுறையில் போனால் அங்கே வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய அக்டோபர் விடுமுறை நம் வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும்; சிறப்பு அனுமதி பெற்றுப் பொங்கலையொட்டி வரச் சொல்லுங்கள். தங்குவது வீடுகளில்தான், அந்த வீடுகளை இரு ஆசிரியர்கள் முன்கூட்டியே நேரில் பார்த்திருக்க வேண்டும், பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும், மாணவர் நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது வீட்டாரின் சட்டக் கடமை. ஜெர்மனிக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்கான நேர முன்பதிவைச் சில மாதங்களுக்கு முன்பே செய்துவிடுங்கள். இணைப் பள்ளி பணம் அனுப்ப முன்வந்தால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெறாத நிறுவனம் அதைப் பெறக் கூடாது. அவரவர் பயணச் செலவு அவரவருடையது, வந்தவரின் உணவும் உறைவிடமும் வரவேற்பவருடையது என்று வைத்துக்கொண்டால் கணக்கும் எளிது, தன்மானமும் கெடாது. ஆனால் விமானக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை விடுபட்டுவிடக் கூடாது. அதற்காக முதல் ஆண்டிலிருந்தே பழைய மாணவர்களிடம் ஒரு நிதி திரட்டுங்கள்.

பிணக்குகள் வரும். ஒருவர் உணவை ஒதுக்கியதாக மற்றவர் வருந்துவார், தாமதத்தை ஒருவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார், யாரோ எடுத்த படம் அனுமதியின்றி இணையத்தில் ஏறிவிடும். இவற்றை ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி மூடிவிடாமல், ஒவ்வொரு நாள் மாலையும் அரை மணி நேரம் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, அன்று புரியாமல் போன ஒன்றைச் சொல்லச் செய்யுங்கள். முதலில் ஆசிரியர் தமக்குப் புரியாததைச் சொன்னால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். அன்று பேசப்பட்டதை இரு மொழியிலும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மன்றத்தில் சேரும் மாணவர்களுக்கு முதல் நாளில் தர வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான்.